காட்டுச்சேனை பூத்த வீடு

1995 மார்ச் 9, வியாழன்

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பட்டறையில் லேத் நின்றதும் என் வீட்டுக்காரர் உள்ளே வந்து முன்கட்டு ஆசாரத்தில் உட்கார்ந்துகொண்டார். காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை எச்சுப் புள்ள" என்றார். மகள் புவனா போன பிறகு எங்களுக்குள் இருக்கிற பேச்சு இவ்வளவுதான். சர்க்கரை, உப்பு, கரண்ட்.

இந்த டைரி பட்டறைக்கு இரும்புக்கடைக்காரர் கொடுத்தது. பால் வந்ததைக் குறித்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் பாதியில் நின்றுபோயிருக்கிறது. நான் படித்தது அஞ்சாவது. என் எழுத்தைப் பார்த்தால் புவனா சிரிப்பாள். சிரிக்க இப்போது யார் இருக்கிறார்கள், எழுதலாம்.

அன்னூரிலிருந்து ஒறம்பரைச் சனம் வந்தார்கள். துக்கம் கேட்டார்கள், அழுதார்கள். அழுத மூக்கைச் சிந்தி எங்கள் சுவரில் துடைத்தார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "உப்புமாவுக்குத் தேங்காய்ச் சட்டினி அரைச்சிருக்கலாமுங்க" என்றார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இப்போது எல்லாமே குமட்டுகிறது. பட்டறை ஆயில், ஊதுபத்தி, பெட்டிச்சேலையில் அடிக்கிற அந்துருண்டை வாசம், என் வேர்வை.

மார்ச் 12, ஞாயிறு

புவனா ரூமைக் கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் அந்தச் சாக்கு. கிழிசல் வழியாகப் பார்த்தேன், உள்ளே இரண்டு கிழங்கு. கறுப்பாய், முடிச்சு முடிச்சாய், வேர் பிய்ந்த தழும்போடு, எதையோ வெட்டி வைத்ததுபோல இருக்கின்றன.

காட்டுச்சேனை. காலேஜில் எம்.பில்லுக்கு அவள் எடுத்துக்கொண்டது இதைத்தான். மண்ணில் வைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், சும்மா மூலையில் கிடந்தாலே பூத்துவிடுமாம். அந்தப் பூ பிணம்போல நாறுமாம். அதற்கு எந்த ஈ வருகிறது, எந்த வண்டு வருகிறது, எதற்காக நாறுகிறது என்று ஆராய்ச்சி.

"ஒலகத்துல வேற பூவே இல்லியா அம்மணி?" என்று கேட்டிருக்கிறேன்.

"மல்லியப்பூவை எல்லாரும் பாக்கறாங்கம்மா. இதை ஈ மட்டுந்தான் பாக்குது" என்றாள்.

இதைத் தோண்ட மலைக்குப் போனவள்தான் காய்ச்சலோடு இறங்கினாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பொங்கலுக்கு எடுத்த சேலையை மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை.

சாக்கைக் காலால் தள்ளினேன். என்ற புள்ளையைத் தின்னுபோட்டு எப்புடி உக்காந்திருக்குது பாரு, கருமாந்திரம்.

மார்ச் 13

சாக்கைக் குப்பையில் போட எடுத்துப் போனேன். சாக்கு வாயில் அவள் போட்ட முடிச்சு. திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

மார்ச் 22

ஒன்றும் இல்லை. நான் இருக்கப்போவது இன்னும் எத்தனை நாளோ. சீக்கிரம் முடிந்தால் சரி.

மார்ச் 30, அமாவாசை

கிணத்துக்கடவிலிருந்து நங்கை வந்திருக்கிறார். என் வீட்டுக்காரருடைய அக்கா, காளியாத்தாள். சேலை, வெற்றிலை, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

"கன்னியாப் போனவளை அப்புடியே உடக்கூடாது ருக்கு. சேலை வெச்சு, அவளுக்குப் புடிச்சதை ஆக்கிப் படைக்கோணும். அப்பத்தான் ஊட்டுக்குக் காவலா இருப்பா."

செய்யுங்க என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு இந்த வீட்டுக்குக் காவல் இருக்கிறதுதான் வேலையா?

மத்தியானம் பங்காளி வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். படையல் போட்டு, கற்பூரம் காட்டி, இலையில் உட்கார்ந்தார்கள். முதலில் இவருடைய சித்தப்பா தொண்டையைச் செருமினார். அப்புறம் இருமினார். அப்புறம் நாக்கை வெளியே நீட்டி வேட்டி நுனியால் வழித்தார். ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் கொல்லைப்புறம் பொடக்காளிக் குழாய்க்கு ஓடினார். ஒருத்தருக்கு உதடு வடை மாதிரி வீங்கிவிட்டது. ஆசாரம் பூராவும் எச்சில், காறல், துப்பல். நான் பார்த்ததிலேயே இவ்வளவு அசிங்கமான பந்தி வேறு இல்லை.

"நங்கை, என்ன போட்டீங்க கொழம்புல?"

"சேனைக்கெழங்குதான்! புள்ளைக்கு அதானே உசுரு? கட்டுலுக்கு அடியில நல்ல பழைய கெழங்கா கெடந்துது. ஊட்டுக்குன்னு புள்ளை வாங்கி வெச்சிருக்குதுன்னு ஒண்ணை அறுத்தேன். பழசுல அரிப்பு இருக்காதே! புளிகூடக் கரைச்சு ஊத்தினனே!"

சொல்லச் சொல்ல நங்கைக்குக் கையெல்லாம் தடித்துக்கொண்டு வந்தது. படத்துக்கு முன்னால் விழுந்தார். "ஆத்தா புவனா, என்ன கொறை வெச்சோம் சாமி?"

நான் சிரித்துவிட்டேன். சேலையை வாயில் திணித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ச் சிரித்தேன். அங்கேயே வாந்தியும் எடுத்தேன்.

மார்ச் 31

புவனா கோபமாக இருக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். வீங்கின வாயோடு நங்கை, "குறி கேக்கோணும் தம்பி" என்று இவரிடம் சொல்கிறார். மேலே படிக்கப் போகிறேன் என்றபோது இதே வாய்தான் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது. செத்த பிறகு சாமியாம். தூ.

ஏப்ரல் 6

சபுரா வந்தாள். புவனாவோடு கூடப் படித்த பெண். சாவுக்கும் வந்திருந்தாள். இன்று வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, கிழங்கு பத்திரமா இருக்குதுங்களா?" என்றாள்.

"ஒண்ணு இருக்குது. ஒண்ணைக் கொழம்பு வெச்சுட்டாங்க."

அவள் என்னையே பார்த்தாள். "கொழம்பா? சாப்ட்டுட்டாங்களா?"

"எங்க சாப்ட? எல்லாரும் துப்பிட்டாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. எனக்குப் பாய் விரித்து உட்காரவைக்கத்தான் தெரிந்தது.

அப்புறம் விளக்கமாகச் சொன்னாள். புவனா தோண்டினது மொத்தம் மூன்று. ஒன்று காலேஜில் சபுரா பார்வையில் தொட்டியில் இருக்கிறது. இரண்டு இங்கே வந்தது. மற்ற மலைகளில் கிடைக்கிற காட்டுச்சேனையைப்போல இது இல்லை, வேறு தினுசு என்று புவனா சொல்லிக்கொண்டிருந்தாளாம். போன மாதம் சபுரா அங்கே போய்ப் பார்த்திருக்கிறாள். அந்தச் சரிவையே வெட்டி ரோடு போட்டுவிட்டார்கள்.

"அப்ப காலேஜ்ல இருக்கறதும், இங்க இருக்கறதும். அவ்வளவுதானுங்கம்மா."

"எடுத்துட்டுப் போயிரு கண்ணு. எனக்கு அதைக் கண்டாலே ஆகலை."

சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். உச்சியில் ரோஸ் நிறத்தில் ஒரு முனை எட்டிப்பார்த்தது. பூ மொட்டாம். பஸ்ஸில் கொண்டுபோனால் ஒடிந்துவிடும் என்றாள். பொடக்காளியிலிருந்த உடைந்த தொட்டியில் மணலைப் போட்டு, கிழங்கை வைத்து, ரூம் மூலையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது என் வீட்டில் இருக்கிறது. ரூம் கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஏப்ரல் 11

புவனாவின் சார் வந்தார். சுந்தரராஜுலு. சாவுக்கு வராதவர். செருப்பைக் கழற்றும்போதே "கிழங்கு எங்கீங்க?" என்றார். பிறகுதான் ஞாபகம் வந்து முகத்தைத் தொங்கப்போட்டார்.

"ரொம்ப சின்சியரான பொண்ணுங்க. இந்த ஆராய்ச்சி நிக்கக் கூடாது. நான் கட்டுரை எழுதி முடிச்சிருவேன்."

"புள்ளை பேரு வருமுங்களா?"

காபியை ஆற்றினார். ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். "காலமானவங்க பேரைப் போடறதுல சில நடைமுறை இருக்குதுங்க..."

"அப்ப கெழங்குக்கும் நடைமுறை இருக்குதுங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? இவர் பட்டறையிலிருந்து எட்டிப்பார்த்தார். சார் டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த மீதிக் காபியில் ஆடை படர்ந்திருந்தது. கிணற்றடியில் கொட்டிவிட்டு டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஏப்ரல் 14, வருசப்பொறப்பு

கனி காணப் பழம், கண்ணாடி எதுவும் வைக்கவில்லை. மொட்டு பன்றி மூக்கு மாதிரி வளர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 26, புதன்

நேற்று நடந்ததை இன்று காலையில் எழுதுகிறேன்.

மொட்டைச் சுற்றியிருந்த மடல் தளர்ந்தால் போன் பண்ணச் சொல்லியிருந்தாள் சபுரா. நேற்றுக் காலையில் தளர்ந்திருந்தது. பட்டறையிலிருந்து போன் பண்ணினேன். பொழுதோட வாரேனுங்க என்றாள்.

நாலு மணிக்கு மேல் விரிந்தது. பூவா அது? அறுத்த ஈரல் நிறத்தில் ஒரு பாவாடை, நடுவில் வீங்கின மண்டை. நாற்றம் முதலில் லேசாக, கெட்டுப்போன மீன்போல. அப்புறம் செத்த எலி. அப்புறம் என்னவென்று சொல்ல? ஆஸ்பத்திரியில் ஒரு ரூமுக்கு முன்னால் எங்களை உட்காரவைத்தார்களே, அந்த நாற்றம். ஜன்னல் வழியாகக் கறுப்பு கறுப்பாய் ஈ வந்தது. வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும்போல.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஏனுங்க ருக்குமணி, பரண்ல எலி கிலி செத்துக் கெடக்குதா?" பின்னாலேயே இன்னும் நாலு பேர். எலி தேடுகிற சாக்கில் என் அடுப்பாங்கரை, என் பாத்திரம், என் பிள்ளையின் பீரோ எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாய், "எழவு ஊடுன்னா இப்புடித்தானோ" என்றாள். எனக்குக் காதில் விழாது என்று நினைத்தாள்.

பட்டறையில் பையன்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர் வந்தார். நேரே ரூமுக்குள் போய்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"வெய்யுங்க" என்றேன்.

"தள்ளு புள்ள. சாக்கடையில கொட்டிப்போட்டு வாரேன்."

"அந்தப் புள்ளை வார வரைக்கும் வெய்யுங்க."

"செத்த நாத்தம் இது! உனக்கு மூக்கு இல்லியா? அவளைக் கெடத்தி வெச்சிருந்தப்பக்கூட இந்த ஊடு இப்புடி நாறலை!"

சொன்ன பிறகு அவருக்கே வாய் கோணிக்கொண்டது. தொட்டியைக் கீழே வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம், ஈ மொய்க்க.

அப்போது சபுரா வந்தாள். கையில் பிலிம் ரோல் டப்பா. அதில் மஞ்சளாய்த் துளி மாவு. காலேஜ் தொட்டியில் போன வாரம் பூத்ததின் மகரந்தமாம். பிரிட்ஜில் எடுத்து வைத்திருக்கிறாள். இந்தப் பூவின் அடியில் இருக்கிற பெண்பூ நாறுகிற இந்தப் பொழுதுக்கு மட்டும்தான் ஏற்றுக்கொள்ளுமாம். நாளைக்கு இதுவே ஆண்பூவாகிவிடும், அப்புறம் பிடிக்காது. "இன்னிக்கு வெச்சா விதை, இல்லாட்டி ஒண்ணுமில்லீங்கம்மா."

பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பூவின் நடுவில் சொருகினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூடியில் சிவப்பு நூல் சுற்றினது. எங்கள் வீட்டு தெர்மாமீட்டர்.

"இது உங்கிட்ட எப்புடி?"

"புவனா கொண்டுவருவாங்க. பூ சூடாகும், அதை அளக்கறதுக்கு. கடைசியா மறந்துபோயி எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாங்க."

சீ! இந்த நாற்றத்துக்குள் விட்டதையா அவள் மாசக்கணக்காய்க் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள்? போன வருசம் எனக்குச் சளிக்காய்ச்சல் வந்தபோது என் வாயில் வைத்தாளே! கழுவினாளா? கழுவியிருக்க மாட்டா, அவளைத் தெரியாதா எனக்கு. நாக்கெல்லாம் கூசியது. காறித் துப்பலாம்போல இருந்தது.

"நூத்தி ஒண்ணு" என்றாள் சபுரா.

நான் புறங்கையை அந்த மண்டைமேல் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி கை தானாகப் போனது. சுட்டது. வழவழவென்று, அருவருப்பாய், உயிரோடு சுட்டது.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இங்க வந்து தொட்டுப் பாருங்க."

வந்தார். அவரும் புறங்கையைத்தான் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அப்புறம் போய் ஜன்னல் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டார்.

மடலில் ஜன்னல்போல ஒரு துண்டு வெட்டினால்தான் அடியில் இருக்கிறதைத் தொட முடியுமாம். பிளேடைப் போட்டாள் சபுரா. உள்ளேயிருந்து வந்தது ஒரு வீச்சு, அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு பொடக்காளிக்கு ஓடினாள். ஆராய்ச்சிக்காரி! அங்கிருந்தே கத்தினாள், "அம்மா, புவனா ஒருக்காகூட வாந்தி எடுத்ததில்லீங்க!"

அவள் போட்டுவிட்டுப் போன பிரஷ்ஷை நான் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சுற்றிலும் குட்டிக்குட்டியாய் மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூக்கு. பிரஷ்ஷால் மாவைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஈ என் கையிலேயே உட்கார்ந்து நடந்தது. "சுத்தி எல்லாத்துக்கும் வெய்யுங்கம்மா" என்று வெளியிலிருந்து அவள் சொல்ல, நான் வைத்துக்கொண்டே திட்டினேன். சபுராவை, சாரை, நங்கையை, ரோடு போட்டவனை, புவனாவை. இதுக்கா போனே? இதுக்கா அம்மணி போனே?

ஏப்ரல் 27

பூவைத் தொட்டேன். சில்லிட்டுப்போயிருந்தது. அப்படித்தான் ஆகும் என்று சபுரா சொல்லியிருந்தாள். இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் சோறு கேட்கவில்லை.

மே 20

மடல் அழுகி, சளிபோலத் தரையில் ஒழுகிவிட்டது. துணி போட்டு வழித்தேன். இதைவிடக் கேவலமான வேலை உண்டா? தண்டு மட்டும் நிற்கிறது. அதைச் சுற்றிப் பச்சை மணிகள். பிடித்துக்கொண்டது என்று சபுரா குதிக்கிறாள். புள்ளை பேரைப் போட்டால்தான் சாருக்கு விதை என்று அவளிடம் சொல்லியனுப்பினேன். தொட்டியைப் பொடக்காளிக்கு மாற்றினோம். நங்கை வந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை.

நவம்பர் 18, சனி

பழம் சிவந்துவிட்டது. சோளக்கதிர் மாதிரி, ஆனால் ரத்தச் சிவப்பு. கொண்டைக்குருவி வந்து கொத்துகிறது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் துரத்துகிறேன். நாலு பழம் போய்விட்டது. பொறம்போக்குக் குருவி.

நவம்பர் 24

சபுரா வந்து விதை எடுத்தாள். பழத்தைப் பிசைந்ததில் இரண்டு பேருக்கும் முழங்கை வரை அரிப்பு. நல்லெண்ணெய் போட்டும் நிற்கவில்லை. "நங்கைக்கு இப்புடித்தான் இருந்திருக்கும்" என்றேன். பாவம் என்று முதல்முறை தோன்றியது. ராத்திரி தூங்குவதற்குள் அதுவும் போய்விட்டது.

1996 பிப்ரவரி 16

காலேஜில் விதை முளைத்திருக்கிறதாம். முக்கால்வாசியும். சார் அச்சடித்த கட்டுரையைச் சபுராவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். எல்லாம் இங்கிலீஷ். புவனேஸ்வரி என்கிற பேரைச் சபுரா விரல் வைத்துக் காட்டினாள். முதல் பேரே அதுதான். பக்கத்தில் சின்னதாய் ஒரு சிலுவை.

"இதெதுக்கு? நாங்க என்ன வேதக்காரங்களா?"

"சிலுவை இல்லீங்கம்மா. காலமானவங்க பேருக்குப் பக்கத்துல அப்புடிப் போடுவாங்க. அது கத்தி."

"கத்தியா? காய்ச்சல்ல போன புள்ளைக்குக் கத்தியா? படிச்சவனுகளுக்குப் புத்தி போற போக்கைப் பாரு!"

இவர் வாங்கிப் பார்த்தார். ஆயில் கையென்று நினைவு வந்து, போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி வாங்கினார். கட்டைவிரலால் அந்தக் கத்தியை மறைத்துக்கொண்டு பேரைப் பார்த்தார்.

1996 மே 19, ஞாயிறு

போன வருசம் சித்திரையில் பூத்தது, இப்போது வைகாசியே பிறந்துவிட்டது. பழம் முடிந்ததும் தண்டு காய்ந்து, கிழங்கு மணலுக்குள்ளேயே கிடந்தது. போன வாரம் முளை விட்டது. அன்றிலிருந்து பல் விளக்கும் முன்னால் போய்க் குனிந்து மோந்து பார்க்கிறேன். வெறும் மண் வாசம். வெங்கடம்மாள் மதில்மேல் பார்த்துக்கொண்டு, "என்னங்க தேடறீங்க?" என்கிறாள். உங்களுக்கு ஒண்ணும் நாறுதுங்களா என்று அவளையே கேட்டுவிட்டேன்.

இன்று முளை பிரிந்துவிட்டது. பூ இல்லை, இலை. மடக்கின குடைபோல, பச்சையாய், சுத்தமாய். ஒரு நாற்றமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் இல்லை. சபுராவுக்குப் போன் போட்டேன்.

"இந்த வருசம் இலைதானுங்கம்மா. காய்ச்சதுல கிழங்கு இளைச்சிருக்கும். இனி ரெண்டு மூணு வருசம் ஊறிப் பெருத்தாத்தான் பூக்கும்."

"மூணு வருசமா? அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

"தண்ணி ஊத்துங்கம்மா. வேறென்ன?"

வெயில் படுகிற இடமாக வேண்டும் என்றாள். இவரைக் கூப்பிட்டேன். பனியனோடு வந்து தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"எங்க வெக்கறது?"

"துணி தொவைக்கற கல்லு மேல வெய்யுங்க. ஒசரமா இருக்கட்டும். அது நாறறதுக்குள்ள எனக்குக் குனிய முடியாமப் போயிரும்."